காருக்கு ஒரு வெலை, மூஞ்சிக்கு ஒரு வெலை

வா அப்புனு, உக்காரு. காரு வாங்கப் போறியாமா? உன்ற ஆத்தா சொல்லுச்சு. புதுசில்ல, பழசுன்னும் சொல்லுச்சு. நல்லதுதான். புதுசு வாங்குனா உன்ற காசு ஒரு கம்பெனிக்குத்தான் போகும். பழசு வாங்குனா அதை விக்கற கன்சல்டிங் கடைக்காரன், புரோக்கர், மெக்கானிக்கு, லோன்காரன்னு நாலு குடும்பம் பொழைக்கும். தருமம் பண்றவனுக்கு இதைவிட நல்ல எடம் வேற எங்க கெடைக்கும்?

என்ன மொறைக்கறே? வாங்க வேண்டாம்னா சொன்னேன்? பொள்ளாச்சிச் சந்தையில துண்டுக்குள்ள வெரலைப் புடிச்சு மாட்டுக்கு வெலை பேசுன கை இது. மாட்டுக்கு நாலு காலு, காருக்கு நாலு சக்கரம். யாவாரம் ஒண்ணுதான். சந்தையில எப்பவும் ரெண்டு வெலை உண்டு. ஒண்ணு மாட்டோட வெலை. இன்னொண்ணு வாங்க வந்தவனோட மூஞ்சி வெலை. மொதல் வெலைய வீட்ல உக்காந்தே கணக்குப் போட்டுக்கலாம். ரெண்டாவதை வீட்லயே வச்சுப்போட்டுப் போயறலாம். ரெண்டையும் சேத்துக் குடுத்துப்போட்டு வந்து, "ஏமாத்திட்டாங்க"ன்னு திண்ணையில உக்காந்து பொலம்பற ஆளுக நம்மூர்ல ஏகப்பட்ட பேரு. அதுல உன்ற மாமனும் ஒருத்தன். நான் சொன்னேன்னு சொல்லிப்போடாதே.

மொதல்ல, நீ எப்படிப் போவேன்னு நானே சொல்லட்டுமா? ஞாயித்துக்கெழம சாயங்காலம் இஸ்திரி போட்ட சட்டையோட போவே. கையில பெரிய போனு. கூட உன்ற பொண்டாட்டி, பையன். கடைக்குள்ள நொழஞ்சதும் பையன் ஓடிப்போயி செவப்புக் காருல ஏறி ஸ்டியரிங்கப் புடிச்சுக்குவான். "அப்பா, இதுதான் வேணும்." அம்புட்டுத்தான், முடிஞ்சுது. கடைக்காரன் பையனுக்கு ஒரு சாக்லெட்டக் குடுப்பான். அந்தச் சாக்லெட்டு வெலை முப்பதாயிரம் ரூவா. ரசீதுல இருக்காது, கார் வெலையில இருக்கும்.

பையனை வீட்ல உட்டுட்டுப் போ. பொண்டாட்டியக் கண்டிப்பாக் கூட்டிட்டுப் போ. காரு பாக்கறதுக்கில்ல. வேண்டாம்னு சொல்றதுக்கு. நீ வண்டியச் சுத்திச் சுத்தி வந்து வாயத் தொறந்துட்டு நிக்கறப்ப, "இது எனக்குப் புடிக்கலைங்க, போலாம் வாங்க"ன்னு ஒரு அம்மிணி சொன்னா, கடைக்காரன் அதுக்கப்பறம் உன்னைப் பாக்க மாட்டான். அந்த அம்மிணியப் பாத்துத்தான் வெலை பேசுவான். அப்ப வெலை எறங்கும். உனக்கு முடியாததை உன்ற பொண்டாட்டி முடிச்சுக் குடுப்பா. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அது உனக்கே தெரிஞ்சிருக்கோணும்.

அப்பறம், கடைக்காரன் பேசற பாஷை உனக்குத் தெரியோணும். "டாக்டர் ஓட்டுன வண்டிங்ணா"ம்பான். தமிழ்நாட்டுல இருக்கற டாக்டருகளைவிட டாக்டர் ஓட்டுன காருக எச்சா இருக்குது. "சிங்கிள் ஓனரு"ம்பான். அந்த ஒத்தை ஓனர் அதை டிராவல்ஸுக்கு விட்டிருந்தாலும் ஒத்தை ஓனர்தான். டி போர்டு வண்டியா இருந்து ஓன் போர்டுக்கு மாத்துனதான்னு தனியாக் கேக்கோணும். "2021 மாடலு"ம்பான். ஆர்.சி.ய வாங்கிப் பாத்தீன்னா பதிவு பண்ணுனது 2021 ஜனவரி, கம்பெனியில செஞ்சது 2020ல ஏதோ ஒரு மாசம்னு இருக்கும். ஒரு வருசத்து வெலைய ஒரே வார்த்தையில முழுங்கிருவான். "நேத்தே ஒரு பார்ட்டி டோக்கன் போட்டுட்டுப் போயிருக்காருங்ணா, நீங்க நம்ம ஆளுன்னு சொல்றேன்"ம்பான். அந்தப் பார்ட்டிய இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. பாவம், எல்லாக் கடையிலயும் டோக்கன் போட்டுப்போட்டு எந்தக் காரையும் எடுக்காமப் போற மனுசன் அவரு ஒருத்தருதான்.

இதையெல்லாம் கேட்டு உனக்குக் கோவம் வரக்கூடாது. சந்தையில மாட்டுக்குக் காலையில பால் கறக்காமக் கட்டி மடியப் பெருசாக் காட்டுவான். உப்பைக் குடுத்துத் தண்ணி குடிக்க வச்சு வகுத்தை நெப்புவான். கொம்புக்கு எண்ணெய் தடவுவான். அது அவன் பொழப்பு. மடியத் தொட்டுப் பாத்து, நாலு காம்புலயும் பீச்சிப் பாக்கறது உன்ற பொழப்பு. அவன் பொழப்பை அவன் பாக்கறான். நீ உன்ற பொழப்பைப் பாக்காம அவன் மேல பழி போட்டா எப்படி?

என்ற பேரன், காலேஜுல எக்கனாமிக்ஸ் படிக்கறானே, அவன் ஒரு கதை சொன்னான். அமெரிக்காவுல ஜார்ஜ் அகெர்லாஃப்னு ஒரு வாத்தியாராம். பழைய கார் யாவாரத்தை வச்சு ஒரு கட்டுரை எழுதுனாராம். விக்கறவனுக்கு வண்டியோட குத்தம் தெரியும், வாங்கறவனுக்குத் தெரியாது. அதனால வாங்கறவன் எல்லா வண்டிக்கும் கம்மியாத்தான் கேப்பான். அந்த வெலை கட்டாம நல்ல வண்டி வச்சிருக்கறவன் சந்தைக்கே வராம நின்னுக்குவான். கடைசியில மட்டமான வண்டிகதான் மிஞ்சும். இதைத்தான் எழுதியிருக்காரு. மூணு பத்திரிகை வேண்டாம்னு திருப்பி அனுப்புச்சாம். 1970ல இன்னொரு பத்திரிகை போட்டுச்சாம். 2001ல அதுக்கு நோபல் பரிசாமா. கேட்டதும் நெஞ்சு வேகுது அப்புனு. எங்க சந்தையில கோவணம் கட்டுன பையனுக்கும் இது தெரியும். எழுதாம உட்டதுதான் எங்க தப்பு.

ஆனா அந்த வாத்தியாரு சொன்னதுல உனக்கு ஒரு வழி இருக்குது. அவனுக்குத் தெரிஞ்சது உனக்கும் தெரிஞ்சுட்டா, அவன் கையில இருக்கற கயிறு உன்ற கைக்கு வந்துரும். மாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாத்து வயசைச் சொல்வோம். காருக்கும் பல்லு இருக்குது. எங்கெங்கன்னு சொல்றேன், கேட்டுக்கோ.

டயரப் பாரு. பக்கவாட்டுல நாலு நெம்பரு இருக்கும். மொத ரெண்டு வாரம், கடைசி ரெண்டு வருசம். 1424ன்னா 2024ல பதினாலாவது வாரம் செஞ்சது. மீட்டர் 28,000 கிலோமீட்டர் காட்டுது, நாலு டயரும் வண்டியவிட மூணு வருசம் எளசு. நல்லா ஓட்டுனா ஒரு செட்டு டயரு 40,000 வரைக்கும் வருமே, இந்த டாக்டர் ஐயா 28,000லயே எதுக்கு நாலையும் மாத்துனாரு? அதைக் கேளு. கேட்டுப்போட்டு அவன் மூஞ்சியப் பாரு. பதில் டயருல இல்ல, மூஞ்சியில இருக்கும். அப்படியே கிளட்சு, பிரேக்குப் பெடல் ரப்பரப் பாரு, ஸ்டியரிங் தோலைத் தடவிப் பாரு, டிரைவர் சீட்டோட ஓரத்தைப் பாரு. மீட்டரைக் கொறைக்கறவன் பெடல் ரப்பரை மறந்துபோட்டிருப்பான். நம்பிக்கை வரலீன்னா, வண்டி நெம்பரைச் சொல்லி அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் கணக்கை ஓனர் மூலமா எடுத்துத் தரச் சொல்லு. போன சர்வீஸுக்கு 71,000ம், இப்ப மீட்டர் 42,000ம்னு இருந்தா, அந்தக் காரு பின்னாடியே ஓடியிருக்குதுன்னு அர்த்தம்.

காலையில போ. சொல்லாமப் போ. போனதும் பானெட்டு மேல கைய வையி. சூடா இருந்தா, நீ வர்றதுக்கு முன்னாலயே இன்ஜினைச் சூடு பண்ணி வச்சிருக்கான்னு அர்த்தம். குளுந்த இன்ஜின் ஸ்டார்ட் ஆகறப்பத்தான் உண்மையச் சொல்லும். சத்தமா, பொகையா, எதுவானாலும் அந்த மொத நிமிசத்துல வந்துரும். கதவுத் தூணுல ரப்பரை இழுத்து, வெல்டிங் கம்பெனி போட்ட மாதிரி ஒரே சீரா இருக்குதான்னு பாரு. பானெட்டு போல்ட்டுல பெயின்ட் ஒடஞ்சிருந்தா எப்பவோ கழட்டியிருக்காங்கன்னு தெரியும். டிங்கரிங் பாத்துப் பட்டி தடவுன எடம் வெயில்ல ஓரமா நின்னு பாத்தா அலை அடிக்கும்.

முக்கியமானது ஒண்ணு. 2015 டிசம்பர்ல மெட்ராஸ் முழுகுச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல திரும்பவும் தண்ணி நின்னுது. தண்ணிக்குள்ள நின்ன காருக எல்லாம் எங்க போச்சுன்னு நெனைக்கறே? ஆவியாவா போச்சு? கழுவித் தொடச்சு, சாம்பிராணி வாசம் போட்டு, எங்கயோ ஒரு ஊர்ல "ஷோரூம் கண்டிஷன்"னு நின்னுச்சு. சீட்டு பெல்ட்டக் கடைசி வரைக்கும் வெளிய இழு. உள்ள இருந்த பட்டையில சேத்துத் தண்ணி நின்ன கோடு இருக்கும். சீட்டு ஓடற தண்டவாளத்துல துரு இருக்குதா பாரு. மிதியடிக்கு அடியில இருக்கற கார்ப்பெட்டத் தூக்கிப் பாரு. காருக்குள்ள வாசனை எச்சா இருந்தா ஒரு தடவை சந்தேகப்படு. மாட்டுக்குப் பௌடரு பூசிக் கொண்டாந்தா நாங்க பக்கத்துலயே போக மாட்டோம்.

இன்சூரன்ஸ் பாலிசியக் கேட்டு வாங்கி, க்ளெய்ம் பண்ணாததுக்குக் குடுக்கற தள்ளுபடியப் பாரு. என்.சி.பி.ம்பாங்க. மொத வருசம் க்ளெய்ம் இல்லீன்னா 20 சதவீதம், அப்பறம் 25, 35, 45, கடைசியா 50. நாலு வருசம் முடிஞ்ச ஒத்தை ஓனர் வண்டி, ஒரு கீறலும் இல்லைங்கறான். பாலிசியில தள்ளுபடி சுழின்னு இருக்குது. அப்ப ஒண்ணு, பாலிசியக் காலாவதியாக உட்டிருப்பாங்க. இல்லீன்னா போன வருசம் எங்கயோ போயி நல்லா மோதியிருக்குது. இன்னொண்ணும் தெரிஞ்சுக்கோ. அந்தத் தள்ளுபடி ஆளோட சொத்து, காரோட சொத்தில்ல. வண்டி உன்ற பேருக்கு வந்தா அவரோட 45 உனக்கு வராது. "இன்சூரன்ஸ்ல நல்ல போனஸ் இருக்குதுங்ணா"ன்னு அதுக்கும் வெலை வச்சான்னா, சிரிச்சுட்டே கேட்டுக்கோ.

இவ்வளவையும் பாக்க உனக்குக் கண்ணு போதாதுன்னா உன்ற மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போ. கடைக்காரன் காட்டற மெக்கானிக்கு வேண்டாம். உன்ற மெக்கானிக்குக்கும் போறதுக்கு முன்னாலயே கூலியக் குடுத்துரு. கம்மியாக் குடுத்தீன்னா மிச்சத்தைக் கடைக்காரன் குடுத்துருவான். ரெண்டு பக்கமும் தரகு வாங்குன கைகளை நான் நெறையப் பாத்திருக்கேன். எந்தக் கைன்னு கேக்காதே.

இப்ப மாட்டோட வெலைக்கு வருவோம். இது வீட்ல உக்காந்து போடற கணக்கு. இன்சூரன்ஸ்காரன் ஒரு படிக்கட்டு வச்சிருக்கான். அந்த மாடலுக்குக் கம்பெனி சொல்ற வெலையில, ஆறு மாசத்துக்குள்ளன்னா 5 சதவீதம் கழிப்பான். ஒரு வருசத்துக்குள்ள 15, ரெண்டுக்குள்ள 20, மூணுக்குள்ள 30, நாலுக்குள்ள 40, அஞ்சுக்குள்ள 50. அதுக்கு மேல அவனும் நீயும் பேசி முடிவு பண்ணிக்கறது. ஒரு பேச்சுக்கு, புதுசு 7 லட்சம்னா மூணு வருசம் தாண்டி நாலுக்குள்ள இருக்கற வண்டி 4,20,000. இது சந்தை வெலை இல்ல. ஓட்டமுள்ள மாடலுக்குச் சந்தை இதைவிட மேல போகும், யாரும் தேடாத மாடலுக்குக் கீழ வரும். ஆனா பேச்சைத் தொடங்கறதுக்கு உன்ற கையில ஒரு நெம்பரு இருக்குதே, அது எங்கிருந்து வந்துச்சுன்னு சொல்லவும் தெரியுதே, அது போதும்.

அதே மாடல், அதே வருசம், அதே ஓட்டம்னு விளம்பரங்களைப் போன்ல பாத்து எழுதி வை. 4,60,000ல இருந்து 5,20,000 வரைக்கும் போட்டிருப்பான். அது கேக்கற வெலை, முடிஞ்ச வெலையில்ல. ஒரே வண்டி மாசக்கணக்கா விளம்பரத்துல இருந்துச்சுன்னா அந்த ஓனருக்கு நீ போறதே ஒறம்பரை வந்த மாதிரி. அப்பறம் வண்டிக்குச் செய்ய வேண்டிய செலவு: டயரு நாலு 20,000, பேட்டரி 5,000, அடுத்த மாசம் முடியற இன்சூரன்ஸ் 12,000. ஆக 37,000. இதை உன்ற நெம்பர்ல இருந்து கழி. "பழைய டயரு, மாத்தோணும்"னு வாயில சொல்றதுக்கும், "37,000 ரூவா வேலை இருக்குது, எழுதிட்டு வந்திருக்கேன்"னு காகிதத்தைக் காட்டறதுக்கும் நெம்ப வித்தியாசம். காகிதத்தைப் பாத்தா யாருக்குமே ஒரு பயம் உண்டு.

இன்னொரு சங்கதி உன்ற பக்கம் இருக்குது. 2025 செப்டம்பர் 22ல இருந்து சின்னக் காருகளுக்கு ஜி.எஸ்.டி. கொறஞ்சுது. நாலு மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1,200 சிசி, டீசல்னா 1,500 சிசி வரைக்கும், முன்ன 28 சதவீதமும் மேல செஸ்ஸும் இருந்தது இப்ப 18. புதுக் காரு கீழ எறங்குனா பழைய காரு மேலயே நின்னுட்டு இருக்குமா? கடைக்காரன் வாங்குனது பழைய வெலைக்கா இருந்தா அது அவன் தலைவலி. "நீங்க எவ்வளவுக்கு வாங்குனீங்கன்னு நான் கேக்கலைங்க, இப்பப் புதுசு என்ன வெலைன்னுதான் பாத்துட்டு வந்தேன்"னு பணிவாச் சொல்லு. பணிவு முக்கியம். கத்தறவனுக்கு வெலை கொறஞ்சதா சரித்திரமே இல்ல.

வெலையெல்லாம் முடிஞ்சு எந்திரிக்கறப்ப, "18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனிங்ணா"ன்னு ஒரு குண்டு போட்டாலும் போடுவான். 5 லட்சத்துக்கு 18 சதவீதம்னா 90,000. மயக்கம் போட்டு உழுந்துறாதே. 2025 ஜனவரியில இருந்து பழைய வண்டி விக்கற பதிவு பண்ணுன யாவாரிகளுக்கு 18 சதவீதம்ங்கறது உண்மைதான். ஆனா அது வண்டி வெலைக்கில்ல. அவன் வாங்குனதுக்கும் வித்ததுக்கும் நடுவுல நிக்கற லாபத்துக்கு. 4,50,000க்கு வாங்கி 5 லட்சத்துக்கு வித்தான்னா 50,000க்கு வரி 9,000. "சரிங்க, கட்டிப்போடறேன். நீங்க வாங்குன சீட்டைக் காட்டுங்க, லாபத்தைப் பாத்துக் கணக்குப் போடலாம்"னு சொல்லு. அதுக்கப்பறம் அந்தக் கடையில ஜி.எஸ்.டி.ங்கற பேச்சே காதுல உழுகாது. ஆளு ஆளுக்கு விக்கறதா இருந்தா அந்த வரியே கெடையாது.

பேசப் போற நாளையும் பாக்கோணும். நீ நல்ல நாளு பாத்துப் போவே, உன்ற ஆத்தா அப்படித்தான் வளத்திருக்கா. நான் சொல்றேன், ஆடி மாசத்துல போ. மார்கழியில போ. அஷ்டமி, நவமி, ராகு காலம் பாத்துப் போ. கடையில ஈ ஓட்டிட்டு உக்காந்திருப்பான். வாடகை ஓடுது, வண்டிக்குப் போட்ட காசுக்கு வட்டி ஓடுது, வாங்க ஆளில்ல. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் போனா உனக்கு முன்னால ஏழு பேரு நிப்பாங்க, எவன் கொறைப்பான்? வெலைய அஷ்டமியில பேசி முடி. வண்டிய வளர்பிறையில நல்ல முகூர்த்தத்துல எடு. சாமிக்கும் கோவமில்ல, பாக்கெட்டுக்கும் கோவமில்ல. டிசம்பர் கடைசி இன்னும் நல்லது. ஜனவரி 1 பொறந்துட்டா அவன் கடையில நிக்கற வண்டிக்கெல்லாம் ஒரே ராத்திரியில ஒரு வயசு ஏறிப்போகும். அந்தக் கவலை அவனுக்கு மார்கழி மொத வாரத்துலயே வந்துரும்.

பேச்சுல மூணு யாவாரத்தை ஒண்ணாக் கலக்காதே. வண்டி வெலை ஒண்ணு, உன்ற பழைய வண்டிய எக்ஸ்சேஞ்சுல குடுக்கறது ஒண்ணு, லோன் ஒண்ணு. மூணையும் ஒரே காகிதத்துல போட்டான்னா ஒண்ணுல குடுக்கற மாதிரி குடுத்து இன்னொண்ணுல எடுத்துக்குவான். "மாசம் எவ்வளவு கட்ட முடியும்ணா?"ன்னு அன்பாக் கேப்பான். அந்த அன்புக்கு மட்டும் பதில் சொல்லாதே. 4 லட்சம் லோனு, வட்டி 13 சதவீதம்னு வச்சுக்கோ. அஞ்சு வருசத்துக்கு மாசம் ஏறக்குறைய 9,100. "கஷ்டமா இருக்குதுங்க"ன்னு நீ சொன்னா, ஏழு வருசமாக்கி 7,280ன்னு காட்டுவான். உனக்குச் சந்தோசம். மொத்தத்துல 65,000 ரூவா எச்சாக் கட்டறேங்கறது ஏழாவது வருசம் தெரியும். அப்ப அந்தக் காரும் இருக்காது, அந்தக் கடையும் இருக்காது. லோனை உன்ற பேங்குல தனியாப் பேசு. கடையில வெலைய மட்டும் பேசு.

அவன் வெலை சொன்னதும் நீ என்ன பண்ணோணும் தெரியுமா? ஒண்ணும் பண்ணக்கூடாது. சும்மா இரு. வண்டியப் பாரு, கூரையப் பாரு, சித்த நேரம் கழிச்சு ஒரு தடவை "ம்"முன்னு சொல்லு. உனக்கு இது கஷ்டம். நீ அமைதியா இருந்து நான் பாத்ததே இல்ல. ஆனா கடைக்காரனுக்கு அமைதியத் தாங்க முடியாது. அவனே பேசுவான், அவனே கொறைப்பான். துண்டுக்குள்ள வெரல் புடிக்கறப்ப நாங்க வாயே தொறக்க மாட்டோம். ரெண்டு பேருக்கு மட்டும்தான் வெலை தெரியும். கூட வந்த மச்சான், "எவ்வளவுப்பா, ஆறு வரைக்கும் போலாமா?"ன்னு ஊரே கேக்கறாப்பல கேட்டு யாவாரத்தைக் கெடுக்கற வேலையெல்லாம் அங்க நடக்காது. உன்ற உச்ச வெலைய ஒரு சீட்டுல எழுதி உன்ற பொண்டாட்டிகிட்டக் குடுத்துரு. அதைத் தாண்டுனா அவ எந்திரிச்சிருவா. நீயும் பின்னாடியே போயிருவே, பழக்கம்தானே.

வெலை முடிஞ்சுதுன்னு தலைய ஆட்டறதுக்கு முன்னால காகிதம். ஆர்.சி.யில இருக்கற பேரும் உனக்கு விக்கற ஆளும் ஒண்ணுதானா? இல்லீன்னா நடுவுல யாரு? வெத்து 29, 30 பாரத்துல கையெழுத்து வாங்கி வச்சுக்கிட்டு, பேரு மாத்தாமலே வண்டியக் கை மாத்தி உடற பழக்கம் நெம்ப நாளாவே இருக்குது. 2023 ஏப்ரல் 1ல இருந்து, பழைய வண்டி யாவாரி ஆர்.டி.ஓ. கிட்ட அங்கீகாரம் வாங்கோணும், வண்டி அவன் கைக்கு வந்ததை ஓனரு தெரிவிக்கோணும்னு விதி போட்டாங்க. அந்த அங்கீகாரத்தைக் காட்டச் சொல்லு. கோவிச்சுட்டான்னா அதுவும் ஒரு பதில்தான். பரிவாகன் தளத்துல நெம்பரைப் போட்டு எத்தனாவது ஓனர், லோன் இருக்குதா, சலான் பாக்கி இருக்குதான்னு பாரு. லோன் முடிஞ்சிருந்தா பேங்குச் சீட்டும் 35ஆம் பாரமும் வாங்கி, ஆர்.சி.யில பேங்கு பேருல இருக்கற ஹெச்.பி.யக் கேன்சல் பண்ணோணும். பேரு மாத்த விக்கறவன் 14 நாளைக்குள்ள சொல்லோணும், வாங்குனவன் 30 நாளைக்குள்ள. நீ சோம்பேறி, அதனால உனக்கு மொத நாளே.

டெல்லி நெம்பர் வண்டி பாதி வெலைக்கு வருதுன்னு ஒருத்தன் சொல்லுவான். அங்க 10 வருசத்து டீசல் வண்டியும் 15 வருசத்து பெட்ரோல் வண்டியும் ரோட்டுல போகக்கூடாதுன்னு 2014, 2015ல பசுமைத் தீர்ப்பாயம் சொல்லுச்சு, 2018ல உச்ச நீதிமன்றமும் ஆமான்னுச்சு. அப்பறம் அங்கிருந்து வண்டிக கெளம்பி எறங்க ஆரம்பிச்சுது. வாங்கறது தப்பில்ல. ஆனா அங்க ஆர்.டி.ஓ. குடுக்கற என்.ஓ.சி., இங்க கட்டற வாழ்நாள் வரி, அலையற அலைச்சல், இந்த மூணையும் வெலையோட கூட்டிப் பாத்துப்போட்டுப் பேசு. கூட்டுனதுக்கப்பறமும் பாதி வெலைன்னா, வண்டியில என்னமோ இருக்குது.

கடைசியா ஒண்ணு. நியாய வெலைன்னா கடைக்காரன் கோவணத்தையும் உருவறது இல்ல. அவனுக்குக் கடை வாடகை, வட்டி, பையனுக்குக் கூலி, பாலீஷ் செலவு, வரி எல்லாம் இருக்குது. அதுக்கு மேல குடும்பம் இருக்குது. 4,50,000க்கு வாங்குன வண்டிய 4,55,000க்குக் கேட்டீன்னா, ஒண்ணு தர மாட்டான். இல்லீன்னா தந்துபோட்டு ஸ்டெப்னியக் கழட்டிக்குவான், புது பேட்டரிய எடுத்துப் பழசைப் போடுவான், பேரு மாத்தறதுல ஆறு மாசம் அலைய உடுவான். பாத்த வண்டியும் எடுத்த வண்டியும் ஒண்ணா இருக்கோணும்னா அவனுக்கும் ஒரு காசு நிக்கோணும். டோக்கன் குடுத்தா என்னென்ன இருக்குது, எந்த நாளுக்குள்ள பேரு மாத்தித் தருவான், இல்லீன்னா காசு திருப்பித் தருவானான்னு ரசீதுல எழுதி வாங்கிக்கோ. நம்பிக்கை இல்லாம இல்ல. ஞாபகத்துக்கு.

வண்டி வீட்டுக்கு வந்ததும் ஊரே வந்து சுத்திப் பாக்கும். "எவ்வளவு?"ன்னு கேக்கும். நீ என்ன சொன்னாலும், "என்னைக் கூட்டிட்டுப் போயிருந்தா இன்னும் அம்பதாயிரம் கொறச்சிருப்பேனே"ம்பாங்க. அவங்கள்ல ஒருத்தனும் அஷ்டமியில எந்திரிச்சுப் போயிருக்க மாட்டான். காப்பித்தண்ணி குடுத்து அனுப்பிரு.

என்ன, பொறப்பட்டுட்டியா? கன்சல்டிங் கடைக்குக் கார்ல போகாதே, எவங்கூடயும் பைக்குல தொத்திக்காதே. பஸ்ஸுல போ. வெலை புடிக்கலீன்னா எந்திரிச்சு ரோட்டுக்கு வந்து, கைய நீட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறி வீட்டுக்கு வந்துரு. காரு இல்லாமத் திரும்பி வரத் தெரிஞ்சவன் மூஞ்சிக்குக் கடைக்காரன் தனியா வெலை போட முடியாது. பஸ்ஸுக்குச் சில்லறை இருக்குதா? இல்லீன்னா உன்ற ஆத்தாகிட்டக் கேளு. என்னைப் பாக்காதே, நான் தரகு வாங்கித்தான் பழக்கம்.